வெல்லம் கலந்த கான்கிரீட்

சீமைத் தபால் வருகிற நாளில் எங்கள் வீட்டில் யாருக்கும் கால் தரையில் பாவாது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு குறுகலான சந்தில் குடியிருந்தோம். தபால்காரர் சந்து முனையில் தலையைக் காட்டினால் போதும், என் கணவர் பாதி சவரம் பண்ணின முகத்தோடு வாசலுக்கு ஓடுவார். பின்னாலேயே நான், கையில் கரண்டியோடு. லண்டனிலிருந்து வந்த அந்தப் பழுப்பு உறைக்குள் இருந்தது பாடம். கான்கிரீட் பாடம்! சிமெண்டும் மணலும் ஜல்லியும் கலந்து, உள்ளே இரும்புக் கம்பி வைத்து வார்த்து, தளமும் தூணும் பாலமும் எப்படிக் கட்டுவது என்று தபாலிலேயே சொல்லிக்கொடுக்கிற படிப்பு அது.

என் கணவர் சர்க்கார் மராமத்து இலாகாவில் சூப்பர்வைசர். காலேஜில் படித்துத் தேறி, வேலை கிடைத்து, கல்யாணமும் ஆனவர். அப்படிப்பட்டவர் மறுபடி பெஞ்சில் உட்காருகிற பிள்ளை மாதிரிப் பாடம் எழுதி லண்டனுக்கு அனுப்பித் திருத்தி வாங்குகிறாரே என்று சந்தில் எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. திருத்தின தாள் கப்பலேறி வருவதற்குள் கேட்ட கேள்வியே மறந்துவிடும். ஆனாலும் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு நல்ல வார்த்தை இருந்துவிட்டால் அன்றைக்கு மனுஷர் இரண்டு டம்ளர் காபி கேட்பார்.

எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் என் மாமனார். அவரும் அதே இலாகாவில் ஓவர்சீயராக இருந்து பென்ஷன் வாங்கியவர். செங்கல்லும் சுண்ணாம்பும்தான் அவருக்கு உலகம்.

"படிப்புக்குன்னு ஒரு வயசு இருக்குடா," என்பார். "நான் ஒரு தடவை பரீட்சை எழுதினேன். அதை வச்சுண்டு ஆயுசு பூரா கட்டினேன். ஒண்ணாவது விழுந்துதா சொல்லு."

ஒன்றும் விழவில்லை. அதுதான் எங்களுக்குக் கஷ்டமாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கூடத்தில் க்ளாஸ் கூடும். வாத்தியார் என்று யாரும் கிடையாது. ரயில்வேயில் இருப்பவர், கார்ப்பரேஷனில் இருப்பவர் என்று இவருடைய சிநேகிதர்கள் ஏழெட்டுப் பேர், எல்லோரும் எஞ்சினீயர்கள். ஒருத்தர் மட்டும் ஒரு காலேஜில் ரசாயனம் சொல்லிக்கொடுப்பவர். அவருக்குக் கான்கிரீட்டில் என்ன வேலை என்று கேட்டால், "உங்காத்துக் காபிக்கு வரேன் மாமி," என்று சிரிப்பார். ஒருத்தர் பாடத்தை உரக்கப் படிக்க, மற்றவர்கள் சண்டை போடுவார்கள். அது எப்படி, இது எப்படி என்று அவர்கள் கத்துகிற கத்தலில் அடுத்த வீட்டுக் குழந்தை எழுந்து அழும்.

"இதே பாடத்தை இந்த வாரம் ரங்கூன்ல ஒருத்தன் பிரிச்சிண்டிருப்பான். கொழும்புல ஒருத்தன். ஆப்பிரிக்காவுல ஒருத்தன். எல்லாரும் எங்களை மாதிரி வேலைக்குப் போறவாதான். எல்லாரும் ஒரே க்ளாஸ்டீ!" என்று ஒரு நாள் இவர் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் படித்தது கொஞ்சம்தான். ஆனால் இந்தக் குட்டிக் கூடம் ஆப்பிரிக்கா வரைக்கும் நீண்டு கிடப்பதாக நினைத்துப் பார்க்க எந்தப் படிப்பும் வேண்டியதில்லையே!

கான்கிரீட்டின் ரகசியத்தை எனக்கு என் துடைப்பத்தை வைத்துத்தான் விளக்கினார். களிமண்ணை நீளமாகப் பிடித்துக் காயவைத்தார், இரண்டு பலகை. ஒன்று வெறும் மண். இன்னொன்றின் அடிப்பக்கத்தில் என் துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குகள். நடுவில் கல்லை வைத்ததும் வெறும் மண் படக்கென்று ஒடிந்தது. ஈர்க்கு வைத்தது கீறல் விட்டதே தவிர ஒடியவில்லை. "பாத்தியா? அமுக்கினா மண் தாங்கும். இழுத்தா ஈர்க்கு தாங்கும். தளம் தொய்யறச்சே அடிப்பக்கம்தான் இழுபடும். அங்கே கம்பி!" என்று குதித்தார். அப்புறம் சிநேகிதர்கள் ஒவ்வொருத்தரும் செய்து பார்க்க வேண்டுமே! ஒரு மாசத்தில் என் துடைப்பம் மொட்டை. எனக்கு வந்த கோபத்தில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் காபி கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் தியாகராய நகரில் வீடு கட்டத் தொடங்கினோம். பெரிய ஏரி இருந்த இடத்தைத் தூர்த்து மனை போட்டிருந்தார்கள். மாமனார் ஒரு மனை வாங்கி வைத்திருந்தார். சுற்றிலும் வயலும் பனைமரமும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புது வீடுகள். கிணறு தோண்டினால் பத்தடியில் தண்ணீர் பீறிட்டு வரும். சுவர் எழும்பியாயிற்று. மேலே தளம் எப்படி என்பதில்தான் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் மூண்டது.

மெட்ராஸில் அப்போது தளம் என்றால் ஒரே மாதிரிதான். தேக்கு உத்திரம் போட்டு, அதன் மேல் செங்கல்லைப் பரப்பி, அதற்கும் மேல் சுண்ணாம்பு ஜல்லி கொட்டுவார்கள். அப்புறம் ஒரு கூட்டம் பெண்கள் வரிசையாகக் குந்தி, பாட்டுப் பாடிக்கொண்டே மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிப்பார்கள். அடிக்க அடிக்க அது கல்லாகும். மாமனார் கட்டின தளமெல்லாம் அப்படித்தான்.

"உத்திரமே இல்லாம ஒரு தளமா? நாலு விரக்கடை கனத்துல? என் தலை மேலயா?" என்று மாமனார் கத்தினார்.

இவருக்கு அப்பாவிடம் பேச்சு வராது. எனக்கு வரும். சமையலறை வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன்: "அப்பா, இத்தனை நாள் அவர் படிச்சது வீண்ணா, நீங்க அவரைக் காலேஜுக்கு அனுப்பினதும் வீண்தானே?"

மாமனார் என்னை ஒரு பார்வை பார்த்தார். மேல் துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி. கூடத்துக்கு மேல மட்டும் உன் கான்கிரீட். மத்த அறைக்கெல்லாம் தேக்கு. விழுந்தா ரெண்டு பேரும் எனக்குப் பதில் சொல்லணும்," என்றார். எனக்குச் சந்தோஷத்தில் அன்றைக்கு ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டது.

விஷயம் அதோடு நிற்கவில்லை. இலாகாவில் புதிதாகக் கான்கிரீட் பிரிவு ஒன்று தொடங்கப்போவதாகப் பேச்சு. பாலங்களெல்லாம் இனி கான்கிரீட்டில்தான் என்றார்கள். அதற்கு ஆள் பொறுக்குகிற எக்ஸிக்யூடிவ் எஞ்சினீயர், சிரிப்பே தெரியாத மனிதர், இவரைக் கூப்பிட்டனுப்பினார். "தபால் பாடம் படிக்கிறவா எனக்கு நிறையப் பேர் இருக்கா. கையால கட்டினவன்தான் வேணும். நீர் போடற தளத்தை நானே வந்து பாரம் ஏத்திப் பாக்கறேன். தாங்கினா என் பிரிவுக்கு வாரும். இல்லேன்னா பழையபடி ஜில்லா ரோட்டுல மண் கொட்டும்," என்றாராம். வீட்டுக்கு வந்து இதை இரண்டு தடவை சொன்னார். பயமா சந்தோஷமா என்று அவருக்கே தெரியவில்லை.

தை மாசத்தில் ஒரு நல்ல முகூர்த்தத்தில் வார்ப்பு. நாள் பார்த்துக் கொடுத்தவர் மாமனார்தான். க்ளாஸ் முழுக்க வந்துவிட்டது! நான் விடியற்காலையிலேயே இட்லி மூட்டையோடு ஜட்காவில் போய் இறங்கினேன். எனக்கு முன்னாலேயே மாமனார் வந்து மேஸ்திரியிடம் ஏதோ ஒரு மூட்டையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். பூஜைச் சாமான் என்று நினைத்தேன். "வேடிக்கை பாக்க இருங்கோளேன்," என்றதற்கு, "எனக்கு வேற ஜோலி இருக்கு," என்று வெடுக்கென்று போய்விட்டார்.

அன்றைக்கு அந்த மனையில் இருந்த உற்சாகத்தை எப்படிச் சொல்வேன்! ஒருத்தர் கம்பிகளின் இடைவெளியை அளக்கிறார். ஒருத்தர் மணலைக் கையில் தேய்த்துப் பார்க்கிறார். ஜல்லி, மணல், சிமெண்ட் எல்லாவற்றுக்கும் மரப்பெட்டி அளவு. ஒரு பெட்டி தலை தட்டாமல் போனால் இவர் அலறுவார். கிணற்றுத் தண்ணீரைக்கூட ரசாயன வாத்தியார் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து, பேஷ் என்றார். பாடத்தில் சொன்னது ஒன்றுவிடாமல் நடந்தது. ஆட்கள் சட்டி சட்டியாகக் கொண்டுபோய்க் கொட்டக் கொட்ட, பலகை அடைப்புக்குள் சாம்பல் நிறத்தில் தளம் நிறைந்துகொண்டே வந்தது.

மத்தியானம் தளம் அடிக்கிற பெண்கள் கட்டையும் கையுமாக வந்து நின்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. தளம் போட்டால் அடிக்க வர வேண்டியதுதானே என்று வந்துவிட்டார்கள்.

"இதை அடிக்கக் கூடாதும்மா. தானா இறுகிடும். தொட்டாலே கெட்டுடும்," என்றார் இவர்.

அவர்களில் மூத்தவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "அடிக்காத தளம் இன்னா தளம் சாமி? நாளைக்கு ஒழுகிச்சின்னா எங்களத்தான் கூப்புடுவீங்க. அப்போ வரமாட்டோம், ஆமா!" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போனாள். மேஸ்திரி பின்னாலேயே ஓடி அவர்களுக்கு ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பினார். நாங்கள் சிரித்தோம். ரொம்பச் சிரித்தோம்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் தளம் களி. விரலை வைத்தால் விரல் பதிகிறது. ஒரு ராத்திரியில் இறுகியிருக்க வேண்டும் என்கிறது பாடம். குளிர் காலமோ என்னவோ என்றார்கள். அதற்கடுத்த நாளும் களி. அதற்கடுத்த நாளும். சிமெண்ட் பழசாக இருக்கும் என்றார் ஒருத்தர். மூட்டையை மாற்றிக் கொடுத்துவிட்டான் என்றார் இன்னொருத்தர். இவர் சாப்பிடக்கூட வரவில்லை. பாடத் தாள்களையெல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு முதலிலிருந்து புரட்டுகிறார். எனக்கோ அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "லண்டன்காரன் என்ன உங்களை ஏமாத்தணும்னு கங்கணம் கட்டிண்டானா? இங்கேதான் எங்கேயோ கோளாறு, எழுந்து வாங்கோ!" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு நானே ஏணியில் ஏறினேன். மேஸ்திரி கீழிருந்து, "வாணாம்மா, வாணாம்மா," என்று கத்தினார். நான் காதில் வாங்கவில்லை. ஏறிப் பார்த்தால், தளத்தின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு. கோடு நகர்கிறது. பிள்ளையார் எறும்பு! சுவர் வழியாக ஏறி, அடைப்புப் பலகையைத் தாண்டி, சாரிசாரியாக என் கணவருடைய கான்கிரீட்டுக்கு விருந்துக்கு வந்திருக்கிறது!

"ஏன்னா! எறும்பு! சிமெண்டுக்கு எறும்பு வருமா?"

ரசாயன வாத்தியார் அடுத்த நிமிஷம் என் பக்கத்தில் இருந்தார். எறும்புச் சாரியைப் பின்தொடர்ந்து இறங்கினால், பாதிச் சாரி, கலவைக்குத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்த பீப்பாய்க்குப் போகிறது. அடியில் கொஞ்சம் பழுப்பாக வண்டல். அவர் விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் மாறியது. "தித்திக்கறது," என்றார்.

மேஸ்திரி கூப்பிடாமலே பெருமையாக முன்னால் வந்தார். "அது கடுக்கா வெல்லத் தண்ணி சாமி. தளத்துக்கு ஊத்தாம இருப்பமா? பெரிய சாமிதான் காத்தால வந்து குடுத்துச்சி. நல்ல வெல்லம் கீது, என் புள்ள வூட்டுக்கு ஒண்ணும் கொறவு இருக்கக் கூடாதுன்னு சொல்லிச்சி."

சுண்ணாம்பை இறுக்குகிற வெல்லம் சிமெண்டை இறுகவிடாது என்றார் ரசாயன வாத்தியார். கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தார்கள்; கிணற்றிலிருந்து பீப்பாய்க்குப் போன பிறகு அதில் என்ன சேரும் என்று யாரும் கேட்கவில்லை. லண்டனில் பாடம் எழுதினவருக்குத் தளத்தில் வெல்லம் போடுவார்கள் என்று கனவிலாவது தெரியுமா? மேஸ்திரிக்குப் போடக் கூடாது என்று யாராவது சொன்னார்களா? எங்கள் க்ளாஸ் பூராவும் கூடத்துக்குள்ளேயே கத்திக்கொண்டிருந்ததே தவிர, கலக்கிற ஆளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அன்றைக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் போயிற்று.

வீட்டுக்கு வந்து மாமனாரிடம் சொன்னோம். "ஆமாம், நான்தான் குடுத்தேன்," என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னதான் சண்டை போட்டாலும் உன் முதல் தளம்டா. வெல்லம் நானே கடைக்குப் போய்ப் பாத்துப் பொறுக்கி வாங்கினேன்."

"அப்பா, அதனாலதான் இறுகலை," என்றார் இவர், மெதுவாக.

மாமனார் வலது கையை விரித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து உள்ளே போய்விட்டார். இத்தனை வருஷத்தில் அவர் பதில் சொல்லாமல் எழுந்து போனது அதுதான் முதல் தடவை.

இவர் நேராக எக்ஸிக்யூடிவ் எஞ்சினீயரிடம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டார். மறைத்திருக்கலாம். மறைக்கிற ஆள் இல்லை. "வெல்லமா?" என்று மட்டும் கேட்டாராம் அந்த மனிதர். "இடிச்சுக் கொட்டிட்டு வேற வேலையைப் பாரும்."

"சோதிச்சுப் பாத்துட்டு இடிக்கிறேன் சார்," என்று சொல்லிவிட்டு வந்தார். என் புருஷன் பெரிய ஆபீசர் ஒருவரிடம் மறுத்துப் பேசினது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை!

ரசாயன வாத்தியார் கொட்டாங்கச்சிகளை வரிசையாக அடுக்கச் சொன்னார். எங்கள் வீட்டில் அதற்கா பஞ்சம்? ஒவ்வொன்றிலும் அதே சிமெண்ட், அதே மணல். தண்ணீரில் மட்டும் வெல்லமும் கடுக்காயும் ஒன்றில் நிறைய, ஒன்றில் பாதி, ஒன்றில் கால் பங்கு, ஒன்றில் இல்லவே இல்லை. மயிலாப்பூர் வீட்டு முற்றத்தில் பலகை போட்டு வைத்தோம். "இதுதான் இந்த வாரப் பாடம். இது லண்டன்லேர்ந்து வராது," என்றார் வாத்தியார். இடிந்துபோயிருந்த க்ளாஸ் அந்த ஒரு வார்த்தையில் எழுந்து உட்கார்ந்தது. தினமும் ஆபீசுக்குப் போகிற வழியில் ஒவ்வொருத்தராக வந்து கொட்டாங்கச்சியை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

வெல்லம் இல்லாதது மறுநாளே கல். மாமனார் கொடுத்த மூட்டை முழுவதையும் கணக்குப் பண்ணிப் போட்டது வெறும் சேறு. நாள் போகப் போக உதிரத் தொடங்கியது. அப்படியானால் தளமும் அவ்வளவுதான். இடிக்க வேண்டியதுதான் என்று முடிவாகி, மேஸ்திரியை வரச்சொல்லி அனுப்பினோம்.

மேஸ்திரி முற்றத்தில் நின்று கொட்டாங்கச்சிகளைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் தலையைச் சொறிந்தார். "முழுசா எங்க சாமி போட்டேன்? நாலுல ஒரு பங்கு இருக்கும். மீதிய அடிக்கும்போது தெளிக்க வெச்சிருந்தேன். அடிக்க வந்த பொம்பளைங்கள வேலை இல்லேன்னு அனுப்பிட்டீங்க. புள்ளகுட்டிக்காரிங்க. வெறுங்கையோட போவுதுங்களேன்னு மீதிய அவங்களுக்குக் குடுத்துட்டேன். பெரிய சாமிகிட்ட சொல்லிடாதீங்க சாமி."

ரசாயன வாத்தியார் அவரைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றினார்! "மகராஜனா இருப்பே! நல்ல காரியம் பண்ணினே!" மேஸ்திரி இந்தப் பெரிய மனுஷர்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்கிற மாதிரி விழித்தார். எல்லோரும் நாலில் ஒரு பங்கு போட்ட கொட்டாங்கச்சியின் மேல் விழுந்தார்கள். அது இன்னும் இறுகவில்லை. ஆனால் உதிரவும் இல்லை. புட்டுப் பதத்தில் இருந்தது. முட்டுக் கொடுத்த மரங்களைத் தொடாமல், தளத்தை ஈரமாகவே வைத்துக் காத்திருப்பது என்று முடிவாயிற்று.

இந்த நாளெல்லாம் மாமனார் முற்றத்துப் பக்கம் வரவே இல்லை என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஒரு நாள் விடிந்தும் விடியாததுமாக நான் எழுந்து வந்தால், மனுஷர் பலகை முன்னால் குந்தி உட்கார்ந்து கட்டை விரலால் ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் பல்குச்சியைத் தேடுகிற பாவனை. நான் பார்க்காததுபோல் உள்ளே போய்விட்டேன். அதிலிருந்து தினமும் அதே நேரத்துக்கு அந்தப் பல்குச்சி அங்கேதான் தொலைந்தது.

அப்புறம் ஒரு காலையில் வீடே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். "டேய்! எழுந்து வாடா! கல்லாயிடுத்து! கல்லாயிடுத்துடா!" ஓடிவந்து பார்த்தால், ஒரு கையில் கொட்டாங்கச்சி, இன்னொரு கையில் என் அம்மிக் குழவி. கொட்டாங்கச்சியை உடைத்து உள்ளே இருந்ததை எடுத்து அம்மி மேல் ஓங்கித் தட்டுகிறார். டிங் என்கிறது. என் அம்மி விளிம்பு தெறித்ததைப் பற்றி எனக்குத் துளிக் கோபம் வரவில்லை. சந்தில் குடிதண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அப்படியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பாவும் பிள்ளையும் ஒரே ஜட்காவில் தியாகராய நகருக்குப் பறந்தார்கள். தளமும் இறுகியிருந்தது.

இறுகியது சரி, தாங்குமா? எக்ஸிக்யூடிவ் எஞ்சினீயருக்குச் சொல்லி அனுப்பினோம். இன்னும் சில வாரம் நன்றாக ஆறட்டும், அப்புறம் வருகிறேன் என்று பதில் வந்தது. அவர் வந்த அன்றைக்கு முட்டு மரங்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். பாரத்துக்குத் தண்ணீர் என்று இவர் ஏற்பாடு பண்ணியிருந்தார். தளத்தைச் சுற்றிச் செங்கல்லும் களிமண்ணும் வைத்துக் கரை கட்டி, உள்ளே ஓர் அடி உயரத்துக்குத் தண்ணீர் நிரப்புவது. அடியில் கூடத்தின் நடுவில் தரையிலிருந்து ஒரு மூங்கில் கழி. அதன் தலையில் தளத்தைத் தொட்டபடி ஒரு சின்ன நெம்புகோல், அதன் நுனியில் சாக்குத் தைக்கிற என் கோணூசி. தளம் நூல் அளவு தொய்ந்தாலும் ஊசி அளவுக் காகிதத்தில் விரல் அளவு இறங்கிக் காட்டும். தண்ணீரை வடித்ததும் ஊசி மேலே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் தளம் செத்த தளம்.

தண்ணீர் ஏற்றுவது யார்? அதே பெண்கள்தான்! இந்தத் தடவை கூப்பிட்டு அனுப்பினோம். கிணற்றடியிலிருந்து ஏணி வழியாகக் குடம் கைமாறிக் கைமாறிப் போயிற்று. மூத்தவள் மேலே நின்றுகொண்டு, "ஏரியத் தூத்து வூடு கட்டினீங்க. இப்போ வூட்டு மேல ஏரி கட்டுறீங்க. இன்னா படிப்போ நைனா இது!" என்றாள். ஆபீசரின் உதடு லேசாக அசைந்தது. சிரித்திருப்பார் என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

பாதி நிரம்பியபோதுதான் மாமனார் வந்தார். பின்னால் ஜட்காக்காரன் அவருடைய சாய்வு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு. நேராகக் கூடத்துக்குள் போய், சரியாகத் தளத்தின் நடுமத்திக்குக் கீழே, மூங்கில் கழிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்தார்.

"அப்பா! வெளியில வாங்கோ!" இவர் உள்ளே ஓடினார். "யாரும் அடியில இருக்கக் கூடாது."

"நீ போய் உன் வேலையைப் பாரு."

"அப்பா, உங்க காலைப் பிடிக்கிறேன், வந்துடுங்கோ," என்றேன் நான். அசையவில்லை. மேலே குடம் குடமாகத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆபீசர் வாசற்படியில் வந்து நின்றார்.

"நீங்களும் இலாகாவுல இருந்தவர்தானே? தெரியாதவா மாதிரி இங்கே உக்காந்திருக்கேளே?"

மாமனார் மேலே தளத்தைப் பார்த்தார். "வெல்லம் நான் குடுத்தது," என்றார். "விழுந்தா என் மேல விழட்டும்."

அதற்கு மேல் அவரை யாரும் எழுப்பவில்லை. தண்ணீர் ஓர் அடிக்கு ஏறியது. ஊசி இறங்கியது. கொஞ்சம் இறங்கி நின்றது. ஒரு நாள் பூரா அப்படியே நிற்க வேண்டும் என்றார் ஆபீசர். மாமனார் நாற்காலியை விட்டு நகரவில்லை. நான் அங்கேயே கல் கூட்டி அடுப்பு மூட்டிப் பொங்கித் தட்டில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தளத்துக்குக் கீழே நடக்கிறபோது என் முதுகெல்லாம் கூசியது. அவரானால் நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, ஊறுகாய் இல்லையா என்று கேட்டார்.

மறுநாள் காலை ஆபீசர் திரும்ப வந்ததும் கரையை வெட்டிவிட்டார்கள். தண்ணீர் சோவென்று நாலு பக்கமும் கொட்டியது. தளம் அடிக்கிற பெண்கள், மேஸ்திரி, க்ளாஸ்காரர்கள், நான், எல்லோரும் ஜன்னல் வழியாக அந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அசையவில்லை. அப்புறம் மெல்ல, மெல்ல, என் கோணூசி மேலே ஏறியது. கிளம்பின கோட்டுக்கு மயிரிழை கீழே வந்து நின்றது.

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். "திங்கட்கிழமை என் பிரிவுக்கு வந்துடும்," என்றார் இவரிடம். "அந்தக் கொட்டாங்கச்சியெல்லாம் எடுத்துண்டு வாரும்."

அவ்வளவுதான்! ரசாயன வாத்தியார் விசிலடித்தார். பெண்கள் குலவை போட்டார்கள். நான் எல்லோர் முன்னாலும் ஓவென்று அழுதேன், சிரித்துக்கொண்டே. இவர் மட்டும் நேராக அப்பாவிடம் போனார்.

"அப்பா, ஆயிடுத்து. எழுந்திருங்கோ."

மாமனார் எழுந்திருக்கவில்லை. தலையைச் சாய்த்துத் தளத்தை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் பார்த்துக்கொண்டே இருந்தார். உத்திரம் இல்லாத, அடிக்காத, நாலு விரக்கடை கனமுள்ள தளம்.

"ஞாயித்துக்கிழமை க்ளாஸ் எத்தனை மணிக்குடா?" என்று கேட்டார்.

"எட்டு மணிக்குப்பா."

"எனக்கு முதல் பாடத்துலேர்ந்து வேணும். நடுவுல சேந்தா புரியாது." பிறகு வாசலில் நின்ற மேஸ்திரியைப் பார்த்தார். "நீயும் வந்துடு. நம்ம ரெண்டு பேருக்கும்தான் ஒண்ணும் தெரியலை."